சாம்பல் நிறத்தில் ஒரு வில்லன்

பொன்மலை சந்தையில் தேங்காய் விலை ஏறினால் வியாபாரிக்குத் திட்டு விழும், லாரி வாடகைக்கும் விழும். ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சியை மட்டும் யாரும் திட்டுவதில்லை. அதைப் பார்த்தவர்களே குறைவு!

ஒபிசினா அரினோசெல்லா என்பது அதன் அறிவியல் பெயர். விவசாயிக்குத் தெரிந்த பெயர் கருந்தலைப் புழு. அந்துப்பூச்சி சிறகை விரித்தாலும் சுமார் 2 செ.மீ. தான் இருக்கும். பகலில் ஓலையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பார்த்தால் தூசி என்றே தோன்றும். சேதம் முழுவதும் அதன் புழுவால்தான். வெளிர் பச்சை உடம்பு, அதில் பழுப்புக் கோடுகள், கறுத்த தலை. ஓலையின் அடிப்புறத்தில் தன் எச்சத்தையும் நூலையும் சேர்த்துக் குழல் கட்டி, உள்ளே இருந்தபடி பச்சையம் முழுவதையும் சுரண்டித் தின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் தீயில் கருகியதுபோல இருக்கும்.

இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர் என்று பரவிக் கிடந்த பூச்சி இது. 2008ல் தாய்லாந்திலும் தலைகாட்டியது. தென்னை மட்டுமல்ல, பனையையும் விடாது.

சரி, என்ன செய்வது? வேர் வழியாக மோனோகுரோட்டோபாஸ் ஏற்றுவது பல காலம் வழக்கமாக இருந்தது. ஏற்றினால் 45 நாள் காய் பறிக்கக்கூடாது. அதை எத்தனை பேர் கடைப்பிடித்தார்களோ! மருந்தைவிட நல்ல ஆள் ஒன்று இருக்கிறது: கோனியோசஸ் நெபான்டிடிஸ் என்ற குட்டிக் குளவி. புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, அதன் மேலேயே முட்டையிட்டு, குஞ்சுகள் வளரும்வரை பக்கத்திலேயே காவல் இருக்கும். தாய்லாந்துக்கும் இந்தக் குளவி இலங்கையிலிருந்துதான் போனது.

ஆனால் குளவியை எப்போது விடுவது என்பதில்தான் சூட்சுமம். வளர்ந்த புழு இருக்கும்போது விட வேண்டும். வெறும் முட்டையும் அந்துப்பூச்சியுமாக இருக்கிற நேரத்தில் விட்டால் அத்தனையும் வீண். ஆக, எது முட்டை, எது புழு, எது அந்துப்பூச்சி என்று தோப்புக்காரருக்கு அடையாளம் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

ஸ்ரீரங்கம் மேலூரில் 2015ல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். நல்ல காரியம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகப் போகிறார்கள். அங்கே அந்துப்பூச்சிக்கென்று ஒரு மூலை ஒதுக்கி, கருகிய ஓலை ஒன்றையும் குழலோடு வைக்கலாம். அழகான பூச்சியை மட்டும் காட்டுவது பாதிப் பாடம்தானே? காவிரிக் கரைத் தோப்புகளிலிருந்து வருகிற பிள்ளை அதைப் பார்த்துவிட்டுப் போனால், கோடையில் அடிமட்டையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லி அப்பாவை நச்சரிக்கும்.