உழைப்பவனுக்கு ஓர் அளவுகோல், விற்பவனுக்கு வேறொன்றா?

நேற்று சனிக்கிழமை. வாரமெல்லாம் ஒன்றரை ஷிப்ட் பார்த்த கைகளில் கூலி விழுந்த நாள். இன்று ஞாயிறு; திருப்பூர்க் கடைவீதிகளில் அந்தக் கூலி கைமாறும் நாள். தையல் எந்திரத்தின் முன் முதுகொடிய உழைத்த தோழன் ஒருவன், இன்று கைப்பேசிக் கடையின் வாயிலில் நிற்கிறான். ஆடம்பரத்திற்காகவா? அன்று! ஊரில் விட்டுவந்த பிள்ளையின் முகத்தைக் காண வேண்டும். வீட்டிற்குப் பணம் அனுப்ப வேண்டும். வைப்புநிதிக் கணக்கில் முதலாளி கட்டினாரா, கட்டவில்லையா என்று பார்க்க வேண்டும். தலைக்கு மேலே தொங்குகிறது விளம்பரத் தட்டி: "64 ஜிபி!" தவணையில் வாங்குகிறான்.

பெட்டியைத் திறந்தான். ஒரு படம் எடுக்கவில்லை. ஒரு பாட்டு ஏற்றவில்லை. அதற்குள் சேமிப்பிடத்தில் பல ஜிபியைக் காணோம்! இயங்குதள மென்பொருள் முன்னரே குடியேறிவிட்டது. அதன் அருகில், அவன் அழைக்காத விருந்தாளிகளாய் அரை டஜன் செயலிகள். சில மாதங்களில் "இடமில்லை" என்று கருவி கைவிரிக்கிறது. பிள்ளையின் படத்தை அழிப்பதா, கூலிச்சீட்டின் படத்தை அழிப்பதா என்று திகைக்கிறான் தொழிலாளி.

"மென்பொருள் இல்லாமல் கருவி எப்படி இயங்கும்?" என்று கேட்பர் கம்பெனிக்காரர். மென்பொருள் வேண்டாம் என்று யார் சொன்னார்? நூல் சுற்றக் கோன் வேண்டும்தான். அதற்காகக் காகிதக் கோனையும் நூலின் எடையிலே சேர்த்து விலை கேட்டால், பின்னலாடை முதலாளி ஒப்புவாரா? 180 ஜிஎஸ்எம் கேட்ட வெளிநாட்டு வணிகர், துணி 160 என்றால் ஏற்பாரா? சரக்கு திரும்பிவிடாதா? ஆடை தைக்கும் ஊரை எடையாலும் இஞ்சாலும் அளந்து பார்க்கும் உலகம், அதே ஊர்த் தொழிலாளிக்குப் பொருள் விற்கும்போது மட்டும் தராசை ஒளித்து வைப்பது என்ன நியாயம்?

இது இன்று தொடங்கிய வித்தையன்று. 2013இல் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி எஸ்4 கருவியை 16 ஜிபி என்று விற்றது. ஏறத்தாழ 7 ஜிபியை மென்பொருளே விழுங்கியிருந்தது! பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சி அதை அம்பலப்படுத்திற்று. அன்று சந்தி சிரித்த பிறகும் வழக்கம் மாறவில்லை. இன்று அதனினும் பெரிய வித்தை அரங்கேறுகிறது. "16 ஜிபி ராம்" என்கிறது விளம்பரம். உள்ளே இருப்பது 8. மீதி 8, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிய "மெய்நிகர் ராம்"! சேமிப்பிடமாக ஒருமுறை விற்றதையே ராம் என்று மறுமுறை விற்கிறார்கள். ஒரே வேட்டியை வேட்டி என்றும் துண்டு என்றும் இருமுறை விலை கூறுவதற்கு வாணிகம் என்றா பெயர்?

சட்டம் இல்லையா? உண்டு. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 உண்டு. அதன் விதிப்படி, அரிசிப் பொட்டலத்தில் உறை நீங்கலான நிகர எடையை அச்சிட்டாக வேண்டும். கைப்பேசிப் பெட்டியிலோ "நிகர அளவு: 1" என்கிறார்கள். எண்ணிக்கை ஒன்று என்று அறிய நமக்குக் கண் போதாதா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உண்டு. முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரமே என்கிறது அது. முதல் குற்றத்திற்கு 10 லட்சம், மறுமுறைக்கு 50 லட்சம் வரை தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. பொறுப்புத் துறப்புக் குறிப்பு, விளம்பரத்தின் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன 2022 ஜூன் 9இல் வந்த வழிகாட்டு நெறிகள். நம் தெருவில் நடப்பதென்ன? முழக்கம் தமிழில், மறுப்பு ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில்! காசு வாங்கத் தமிழ் வேண்டும். உண்மை சொல்ல மட்டும் தமிழ் ஆகாதோ?

மனமிருந்தால் அதிகாரம் பாயும் என்பதற்குச் சான்றும் உண்டு. தன் செயலித் தொகுப்பு முழுவதையும் ஆண்ட்ராய்டு கருவிகளில் கட்டாயமாகத் திணித்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக, 2022 அக்டோபர் 20 அன்று கூகுள் மீது 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது. அந்த வழக்கு நிறுவனங்களிடையிலான போட்டியைக் காக்க எழுந்தது. வாங்கியவனின் இடத்தைக் காக்க எழுவது எப்போது?

"இது சின்னச் செய்தி, இதற்கொரு கட்டுரையா?" என்று நகைப்போர் உண்டு. படியில் ஒரு பிடி குறைத்தவனை நம் பாட்டிமார் சும்மா விட்டார்களா? எடைக்கல்லின் அடியில் அரசு முத்திரை ஏன் வந்தது? அளவில் ஏமாற்றுவது ஏழையின் வயிற்றில் அடிப்பது என்று கண்டதால்தானே!

நம் கோரிக்கை ஒன்றே. ஒவ்வொரு பெட்டியிலும், ஒவ்வொரு தட்டியிலும், மொத்த அளவின் அருகிலேயே, வாங்குவோர் கைக்குக் கிட்டும் நிகர இடத்தையும் அதே அளவு எழுத்தில், தமிழில் அச்சிடுக! மெய்நிகர் ராமை மெய்யான ராமோடு கூட்டிக் காட்டுவதைத் தடை செய்க!

தோழர்களே! கடைப் பையனோடு சண்டை வேண்டாம், அவனும் கூலிக்காரனே. "நிகர இடம் எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். விடை பொய்யானால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுங்கள். சங்கக் கூட்டங்களில் பேசுங்கள். துணியை அளந்து அனுப்பும் திருப்பூர், இனித் தனக்கு விற்கப்படுவதையும் அளந்தே வாங்கட்டும்!