பார்கின்சன் வந்த தோழருக்கு நிதி திரட்டியபோது நாங்கள் கற்றது

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் தோழர் ஒருவரை டவுன் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். காலை பத்து மணி. சில்லறை எடுக்கச் சட்டைப் பைக்குள் விட்ட கை சட்டென்று வெளியே வரவில்லை. பேச்சு குழறியது. பஸ் குலுங்கியதில் பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்துவிட்டார். "காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டான், காலனிக்காரனுங்க இப்படித்தான்" என்று ஒரு குரல். அவ்வளவுதான், விசில் அடித்து இறக்கிவிட்டார்கள்.

தோழருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குடிப்பழக்கம் கிடையாது. ஊர்த்தெரு நிறுத்தத்தில் ஏறிய ஒருவர் அதேபோலத் தடுமாறியிருந்தால், "என்னண்ணே, பிரஷரா?" என்று கேட்டு உட்கார இடம் கொடுத்திருப்பார்கள். ஒரே தடுமாற்றம்தான். ஒருவருக்கு அது நோய், இன்னொருவருக்கு அது சாதிக் குணம். சமூகவியல் வகுப்பில் 'களங்கம்' என்ற சொல்லைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறோம். அதை அன்றைக்கு ஒரு பஸ் நிறுத்தத்தில் பார்த்தோம்.

ஏழு மாதம் கழித்துத்தான் நோயின் பெயர் தெரிந்தது: பார்கின்சன். தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. அதனால் அசைவு மெதுவாகிறது, உடல் இறுகுகிறது, கை நடுங்குகிறது. 1817இல் ஜேம்ஸ் பார்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது. பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல் வருவது. ஐம்பதுக்குள் வந்தால் இளம் வயது பார்கின்சன் என்கிறார்கள். இளையவர்களிடம் முதலில் நடுக்கமே தெரியாமல் போகலாம். கால்விரல் தானாக மடங்கும், தோள் இறுகும், கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். அதனால் மருத்துவர்களே வேறு நோய் என்று நினைத்துவிடுவதுண்டு. எங்கள் தோழருக்கும் முதலில் நரம்புத் தளர்ச்சி, அப்புறம் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள்.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் அமைப்பின் தீர்மானப் புத்தகத்தை எழுதுவது அவர்தான். நோய் தெரிந்த பிறகு அதைப் புரட்டிப் பார்த்தோம். பக்கத்துக்குப் பக்கம் எழுத்து பொடிப்பொடியாகச் சிறுத்துக்கொண்டே வந்திருந்தது. மாதாமாதம் அந்தப் பக்கங்களின் கீழே கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள்தான். "தோழர் இப்பல்லாம் சோம்பேறியாயிட்டார்" என்று பேசிக்கொண்டவர்களும் நாங்கள்தான். பஸ்ஸில் பேசியவருக்கும் எங்களுக்கும் எவ்வளவு தூரம்?

பிறகு நிதி திரட்ட இறங்கினோம். அதிலும் முதல் அடியே தப்பு. அவர் பாயில் படுத்திருந்தபோது எடுத்த படத்தைப் போட்டு, 'உதவுங்கள்' என்று ஒரு போஸ்டர் செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டோம். பார்த்துவிட்டு அவர் போன் செய்தார். "தோழர், நாம எதுக்கு இயக்கத்துக்கு வந்தோம்? கை ஏந்தக் கூடாதுன்னுதானே? நான் நிமிந்து நிக்கிற படம் எவ்வளவோ இருக்கே, அதப் போட்டா காசு வராதா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. உண்மையில், நிமிர்ந்து நிற்கிற படத்துக்குக் காசு குறைவாகத்தான் வரும் என்று எங்களுக்குத் தெரியும். அடுத்தவர் இரங்கும்படி இருந்தால்தான் உதவி வரும் என்பது ஒரு சந்தை விதி. அந்த விதிக்கு நாங்களும் பணிந்திருந்தோம்.

நிதி திரட்டும் இணையதளங்களிலும் முயன்றோம். மருத்துவமனை எஸ்டிமேட் கேட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு எஸ்டிமேட் உண்டு. சாகும்வரை கூடவே வரும் நோய்க்கு எந்த மருத்துவமனை எஸ்டிமேட் தரும்? இன்னொன்றும் புரிந்தது. அங்கே யாருக்குப் பணம் சேர்கிறது என்பதை நோயின் கடுமை மட்டும் முடிவு செய்வதில்லை. பகிர்கிறவரின் நண்பர் வட்டத்தில் சம்பளக்காரர் எத்தனை பேர், அமெரிக்காவில் மாமா இருக்கிறாரா என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. தலைமுறையாகச் சொத்தும் படிப்பும் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்த வட்டமும் சிறியதுதான்.

எங்கள் போஸ்டருக்கு முதல் மாதம் நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது. நான்காவது மாதம் மூவாயிரம். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரக்கத்துக்கு ஆயுள் குறைவு, நோய்க்கு அப்படி இல்லை.

பிறகு தோழரின் துணைவியாரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அடிப்படை மருந்தான லெவோடோபா-கார்பிடோபா மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது, விலையும் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. "மாத்திர காசு ஒண்ணும் பெருசில்ல தம்பி. என் கூலி போவுது, அவரு கூலி போவுது, ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு பேருக்கும் பஸ் காசு. அத யாரு தருவா?" என்று அக்கா கேட்டார். முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானது. இழந்த கூலிக்கு அதில் இடமில்லை. நன்கொடையாளர்களும் அப்படித்தான்: ஆபரேஷனுக்குத் தருவார்கள், பஸ் காசுக்குத் தரமாட்டார்கள்.

அதனால் முறையை மாற்றினோம். அறுபது பேர், ஆளுக்கு மாதம் நூறு ரூபாய். போஸ்டர் இல்லை, படம் இல்லை. அதற்கு 'சந்தா' என்றே பெயர் வைத்தோம். வரவு செலவு நோட்டு தோழர் வீட்டிலேயே இருக்கிறது. அடுத்து யாருக்கு முடியாமல் போனாலும் இதே சந்தாதான். அவரும் தன் பங்கு நூறு ரூபாயைக் கட்டுகிறார், வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

ஆனால் ஆறாயிரம் ரூபாய் சந்தா, அரசின் கடமைக்கு மாற்றாகாது. மாணவத் தோழர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தன. 2016ஆம் ஆண்டின் சட்டம் அதை இருபத்தொன்றாக்கியது, அதில் பார்கின்சன் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. தமிழ்நாடு அரசு பார்கின்சன் பாதித்தவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் காலனியில் இது ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

சான்றிதழில் 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான உரிமைகள் கிடைக்கும். இங்கே ஒரு சிக்கல். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பார்கின்சன் உள்ளவர் ஏறக்குறைய நன்றாக நடப்பார். அது இறங்கிய நேரத்தில் கதவருகே கால் ஒட்டிக்கொண்டதுபோல உறைந்து நிற்பார். தோழர் மாத்திரை போட்டுக்கொண்டு பரிசோதனைக்குப் போனார், நாற்பதுக்குக் கீழே எழுதிவிட்டார்கள். இரண்டாவது முறை, எந்த மணிக்கு மாத்திரை, எந்த மணிக்கு உறைவு என்று ஒரு மாதக் குறிப்பும், போனில் எடுத்த வீடியோவும் கொண்டுபோனோம். அப்புறம்தான் ஒத்துக்கொண்டார்கள். இதுபோல யாருக்காவது துணை போகிறவர்கள் இந்தக் குறிப்பை முதல் நாளே தொடங்குங்கள்.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டை வகைவாரியாகப் பிரிக்கும் 34ஆம் பிரிவில் பார்கின்சன் பெயர் இல்லை. வேலையில் இருக்கும்போது நோய் வந்தால் அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. தினக்கூலிக்கு வந்தால்? நம் மக்களில் பெரும்பாலோர் வேலை செய்கிற இடத்தில் அந்தப் பிரிவு நுழைவதே இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தோழர் இருபது வயதில் முதுகில் டேங்க் கட்டிப் பிறர் வயலுக்கு மருந்தடித்தவர். பாராகுவாட் போன்ற பூச்சி, களைக் கொல்லிகளுக்கும் பார்கின்சனுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் பாராகுவாட்டுக்கு அனுமதி இல்லை. இவருக்கு வந்ததற்குக் காரணம் அதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நிலம் ஒரு தெருவில், டேங்க் சுமக்கும் முதுகு இன்னொரு தெருவில் என்பதை யார் மறுப்பார்கள்?

நாம் அண்ணல் அம்பேத்கரை நீலக் கோட்டும் நீட்டிய விரலுமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். சர்க்கரை நோயாலும் கால் நரம்பு வலியாலும் கடைசி வருடங்களில் அவர் பட்ட துன்பத்தைப் பேசுவதில்லை. அந்த உடம்போடுதான் அரசியல் சட்ட வேலையும் மதமாற்றமும் நடந்தன. முகமது அலிக்கு 1984இல் பார்கின்சன் என்று தெரிந்தபோது வயது நாற்பத்திரண்டு. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு, அதை மறைக்காமல், உலகத்தின் முன் தீபம் ஏற்றினார். நோய் வந்ததும் போராளி முன்னாள் போராளி ஆகிவிடுவதில்லை.

ஆனால் நம் இயக்கங்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. பத்து மணிக் கூட்டத்தைப் பன்னிரண்டுக்குத் தொடங்குவது நமக்குப் பழகிப்போச்சு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று வாழ்கிறவருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் பேசக்கூடிய நேரம். இப்போது எங்கள் கூட்டம் பத்தென்றால் பத்துக்குத் தொடங்குகிறது, தோழர் முதலில் பேசுகிறார். தீர்மானப் புத்தகத்தை இன்னொருவர் எழுதுகிறார், தோழர் சரிபார்க்கிறார்.

உங்கள் கல்லூரியில், உங்கள் காலனியில் ஒரு சந்தாவைத் தொடங்குங்கள். யாருக்கு என்று இப்போதே தெரிய வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஒரு உரிமை மனுவையும் எழுதுங்கள்: பார்கின்சன் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் கிடைக்க வேண்டும், மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு இதுவும் வீடு தேடி வர வேண்டும், நோயாளியோடு போகிறவரின் இழந்த கூலிக்கும் ஈடு வேண்டும். நாளைக்கு பஸ்ஸில் நம் ஆள் ஒருவர் தடுமாறினால், முதலில் எழுந்து இடம் கொடுங்கள்.

ஜெய்பீம்.