ஓடியவர் கற்றுத்தரட்டும்

திண்டிவனம் பைபாஸ் ஓரம் விடியுமுன் கல்லூரிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். என் அக்கா மகள் 1,500 மீட்டர்காரி; முதல் சுற்றிலேயே மூச்சைச் செலவழித்துவிடுகிறாள். வேகத்தைப் பங்கிட்டு ஓடச் சொல்லித்தர ஆளில்லை.

சொல்லித்தரத் தெரிந்தவரையும் நாம் காக்கவைத்தோம். புதுக்கோட்டை ஓட்டக்காரி சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தவர், பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது 2016-இல்தான். பத்தாண்டுகள்! அத்தனை காலமும் நம் பிள்ளைகளுக்கல்லவா நஷ்டம்?

விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளில் போட்டியில் ஓடியவர்களையே பயிற்சியாளராக, நிரந்தரச் சம்பளத்தில் நியமியுங்கள். ஒரு நடுத்தூர ஓட்டக்காரி உருவாக மூன்று நான்கு வருஷமாவது ஆகும். ஆண்டுக்கொருவராக மாறும் ஒப்பந்தப் பயிற்சியாளரால் அது முடியாது.