சோப்புப் போட்டுக் கழுவச் சொல்பவர்களுக்கு

தமிழில் ஒரு பெண்ணைக் கேவலப்படுத்த 'அரிப்பெடுத்தவள்' என்ற ஒரு சொல் போதும். உடம்பின் ஓர் உபாதையையே ஒழுக்கக்கேட்டுக்குப் பெயராக வைத்துவிட்ட ஊரில், பிறப்புறுப்பில் அரிக்கிறது என்று எவள் வாய் திறப்பாள்? 'சூடு' என்பாள். இல்லாவிட்டால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கழுவுவாள்.

அந்தக் கழுவலோடுதான் எனக்குச் சண்டை. அங்கே அரித்தால் சுத்தம் போதவில்லை என்று அர்த்தம், சோப்புப் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். என் பெரியம்மா ஆறு மாதம் அப்படித்தான் கழுவினார். வாளி வெந்நீரில் கிருமிநாசினி ஒரு மூடி. தண்ணீர் அரிசி களைந்த நீர்போல வெளுக்கும். எரியும். "எரிஞ்சாத்தாண்டி கிருமி சாகும்" என்பார். மறுநாள் இன்னும் அதிகமாக அரிக்கும். மூடி ஒன்றரை ஆகும்.

செத்தது எது தெரியுமா? காவல்காரர்கள். பெண்ணுறுப்பின் உட்புறத்தில் லாக்டோபேசில்லஸ் என்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. தயிரை உறைய வைக்கிறவற்றின் சொந்தக்காரர்கள். ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892லேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். இவை சுரக்கிற லாக்டிக் அமிலத்தால் அந்த இடத்தின் பிஎச் 3.8க்கும் 4.5க்கும் இடையில் நிற்கிறது. மற்ற கிருமிகள் தலையெடுக்க முடிவதில்லை. குளியல் சோப்பின் பிஎச் 9, 10. புளித்திருக்க வேண்டிய இடத்தில் காரத்தைக் கரைத்து ஊற்றுகிறோம், அதற்குச் சுத்தம் என்று பேர் வைக்கிறோம். (இதைப் படித்துவிட்டு யாரும் தயிரை எடுத்துப் பூசக் கிளம்ப வேண்டாம்.) உட்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்துக்குப் பச்சைத் தண்ணீர் போதும். கழுவியபின் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும், பருத்தி உள்ளாடை வேண்டும். வாசனை போட்ட 'வாஷ்' எதுவும் தேவையில்லை.

அரிப்புக்குக் காரணம் ஒன்றல்ல. திரிந்த பால்போல வெள்ளை பட்டால் பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. நாலு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிறது. மூன்று பேரும் அழுக்கானவர்களா? ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும், கர்ப்ப காலத்திலும் எளிதாக வரும். மீன் வாடையோடு நீர்த்துப் படுவது வேறு தொற்று. உள்ளே பீய்ச்சிக் கழுவுகிறவர்களுக்கே அது அதிகம். உடலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் தொற்று என்றால் கணவரும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். அதற்குத்தான் பல வீடுகளில் ஆள் சம்மதிப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து தோல் வறண்டாலும் அரிக்கும். சானிட்டரி பேடின் வாசனைகூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இதில் எதைச் சோப்பு தீர்க்கும்?

கழுவித் தோற்றவர்கள் அடுத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள். ஆண்கள் எல்லாரும் வாங்கிப் போகட்டும் என்று ஓரமாக நின்று, பிறகு குரலைத் தாழ்த்தி "அரிப்புக்கு ஏதாவது" என்பார்கள். எங்கே என்று கடைக்காரர் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை. பழைய பேப்பரில் சுற்றி ஒரு டியூப் வரும். பல நேரம் அது பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் வீரியமான ஸ்டீராய்டும் கலந்த களிம்பு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். நாளாக நாளாகத் தோல் மெலியும், பூஞ்சை பரவும்.

பெரியம்மாவைக் கடைசியில் இழுத்துக்கொண்டுதான் லேடீஸ் டாக்டரிடம் போனோம். டாக்டர் பரிசோதித்துவிட்டு முதலில் எழுதிக்கொடுத்தது ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரை 200க்கு மேல். கட்டுக்கடங்காத சர்க்கரை பூஞ்சைக்குத் தீனி. ஆறு மாதமாக உடம்பு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் வாளியில் மூடி மூடியாக ஊற்றிக்கொண்டிருந்தோம்.

திரும்பத் திரும்ப அரித்தால், தோலில் வெள்ளைத் திட்டோ புண்ணோ தெரிந்தால், கர்ப்பமாக இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். டாக்டர் முன்னால் 'சூடு' என்று மழுப்பவும் வேண்டாம். அரிக்கிறது என்றே சொல்லுங்கள். அது கெட்ட வார்த்தை இல்லை.

பெரியம்மா இப்போது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அந்தக் கிருமிநாசினி தரை துடைக்க மட்டும்.