கோட்டை நகரச் சுற்றுலாவும் கைடு கமிஷனும்

வடநாட்டுக்குக் கொள்முதலுக்காகப் போகும் நம் வணிகர்கள், வேலை முடிந்த பிறகு கூடுதலாக இரண்டொரு நாள் தங்கி, ஒரு தனிக் காரும் ஒரு கைடும் அமர்த்திக்கொண்டு பழைய கோட்டை நகரங்களைச் சுற்றிப் பார்த்து வருவது இப்போது பெருகியிருக்கிறது. இது நல்ல வழக்கம். கடை உண்டு, வீடு உண்டு என்று நாற்பது வருடம் இருந்துவிட்டு, கால் ஓய்ந்த பிறகு ஊர் பார்க்கக் கிளம்புவதைவிட, தொழில் நடக்கும்போதே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். ஆனால் ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லும் நாம், இந்த ஒரு நாள் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் பணத்தையும் நேரத்தையும் அளந்து பார்க்கிறோமா? அதில் வியாபாரிகளாகிய நமக்கே ஒரு பாடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சென்ற பருவத்தில் சீரகக் கொள்முதலுக்காகக் குஜராத்தில் உள்ள உஞ்சா மண்டிக்கு நாங்கள் நால்வர் போயிருந்தோம். இருவர் மளிகை மொத்த வியாபாரம், ஒருவர் ஜவுளி, ஒருவர் பாத்திரக்கடை. வேலை முடிந்ததும் அகமதாபாத்தில் ஒரு நாளும், அங்கிருந்து ரயிலேறி ஜெய்ப்பூரில் ஒரு நாளும் செலவிட்டோம். இரண்டும் மதில் சூழ்ந்த நகரங்கள். அகமதாபாத்தின் மதிலுக்குட்பட்ட பழைய நகரம் 2017இலும், ஜெய்ப்பூர் 2019இலும் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. இரண்டு ஊர்களிலும் எங்களுக்கு ஆளுக்கொரு கைடு வாய்த்தார். இருவருக்கும் இருந்த வித்தியாசமே இந்தக் கட்டுரையின் விஷயம்.

மதில் யாருக்காக?

கோட்டை நகரம் என்றதும் ராஜா, ராணி, யானை, பீரங்கி என்றுதான் நம் மனம் போகிறது. மதிலுக்குள் அதிகமாக இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் வேறு. சரக்கையும் கைத்தொழிலையும் வைத்துப் பிழைத்தவர்கள்தான் அங்கே நிறைந்திருந்தார்கள்.

ஜெய்ப்பூரை எடுத்துக்கொள்வோம். மலைமேல் இருந்த ஆமேர் தலைநகரம் போதாது என்று, 1727இல் சவாய் ஜெய்சிங் சமவெளியில் புது நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். வங்காளத்தவரான வித்யாதர் பட்டாச்சார்யா அதை வகுத்துக் கொடுத்தார். ஊர் தானாக வளர்ந்து பின்னால் கடைத்தெரு முளைத்ததல்ல அது. கோடு போடும்போதே கடைத்தெருவைப் போட்டார்கள். பெரிய வீதிகளின் இருபுறமும் ஒரே மாதிரி முகப்புடன் கடைகள். வெளியூர் வணிகர்களையும் கைவினைஞர்களையும் சலுகை கொடுத்து அழைத்துக் குடியேற்றினார் ஜெய்சிங். ஜோஹரி பஜாரில் நகையும் ரத்தினமும், திரிபோலியா பஜாரில் பாத்திரமும், மணிஹாரோன் கா ராஸ்தா என்னும் சந்தில் அரக்கு வளையலும் இன்றும் விற்கிறார்கள். யுனெஸ்கோ அந்த நகருக்குத் தகுதி கொடுத்தபோது, அது வணிகத் தலைநகராக அமைக்கப்பட்டு அந்த வணிகமும் கைத்தொழிலும் இன்றுவரை நடந்துவருவதையும் காரணமாகக் காட்டியது. அதாவது, ஒரு நகரம் உலகச் சொத்து ஆனதில் அங்குள்ள கடைக்காரனுக்கும் பங்கு உண்டு.

அகமதாபாத்தின் கதை இன்னும் அழுத்தமானது. 1411இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம் அது. 1725இல் மராத்தியப் படை நகரைச் சூறையாடக் காத்து நின்றபோது, நகரசேட்டாக இருந்த குஷால்சந்த் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அந்தப் படையைத் திருப்பி அனுப்பினார். மதில் காக்க முடியாததை ஒரு வியாபாரியின் பணம் காத்தது. அதற்கு நன்றியாக, நகரில் முத்திரை இடப்படும் சரக்கில் நூறு ரூபாய்க்கு நாலணா வீதம் அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சேர வேண்டும் என்று வணிகர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நம் ஊர்களில் மகமை பிடித்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்திய பெரியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பின்னாளில், 1830களில், இடிந்து கிடந்த மதிலைப் பழுது பார்க்கவும் சரக்கின் மேல்தான் தனி வரி போட்டார்கள். அந்தப் பணியைக் கவனித்த குழுவே அவ்வூர் நகராட்சிக்கு முன்னோடி ஆயிற்று.

இன்று அகமதாபாத் மதிலின் பெரும்பகுதி இல்லை, வாயில்கள்தான் நிற்கின்றன. நம் மதுரையிலும் கோட்டை மதில் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வெளிவீதிகள் உண்டாயின. இரண்டு ஊரிலும் மதில் போன பிறகும் கடைவீதி போகவில்லை. கோட்டை நகரத்தில் இன்னும் உயிரோடு இருப்பது கடைவீதிதான்.

இரண்டு நாட்கள், இரண்டு கைடுகள்

அகமதாபாத்தில் எங்களுக்கு வந்தவர் வயதானவர். காலை எட்டு மணிக்குக் காலுபூர் சுவாமிநாராயண் கோயில் வாசலில் சந்தித்தார். காரை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். போள் என்று சொல்லும் குறுகிய தெருக்களுக்குள் நடத்தியே அழைத்துப் போனார். ஒவ்வொரு போளுக்கும் ஒரு வாசல்; உள்ளே நெருக்கமாக வீடுகள்; பறவைகளுக்குத் தானியம் போடக் கம்பத்தின் மேல் சபூத்ரோ என்னும் சிறு மாடம். மகாஜன் என்ற வணிகர் கூட்டமைப்புகள் அந்தக் காலத்தில் எப்படிக் கடை அடைக்கும் நாளை நிர்ணயித்தன, சரக்குத் தகராறுகளை எப்படித் தீர்த்தன, கிழட்டு மாடுகளுக்குப் பாஞ்சராபோள் எப்படி நடத்தின என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். குஷால்சந்த் கதையை முதலில் அவர் வாயால்தான் கேட்டோம்.

பிறகு மாணக் சௌக். பகலில் தங்கம் வெள்ளி வியாபாரம், இரவானால் அதே இடத்தில் சாப்பாட்டுக் கடைகள். ஒரே தரையில் வேளைக்கொரு வியாபாரம்! ஒரு சதுர அடி இடத்தையும் சும்மா விடாத அந்தச் சாமர்த்தியத்தைப் பாத்திரக்கடை நண்பர் வாய்விட்டுப் பாராட்டினார். சேலை எடுக்க நல்ல கடை சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, "ரத்தன்போள் முழுக்கச் சேலைக்கடைதான். நீங்களும் வியாபாரிகள், நானா உங்களுக்குச் சொல்ல வேண்டும்?" என்று சிரித்துவிட்டார். ஜும்மா மசூதியையும் தீன் தர்வாஜாவையும் காட்டி, பகல் ஒரு மணிக்கு விடைபெற்றார். பேசிய கூலியை வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை.

ஜெய்ப்பூரில் வந்தவர் இளைஞர், சுறுசுறுப்பானவர், பேச்சு வல்லவர். காலையில் ஆமேர் கோட்டையை நன்றாகவே காட்டினார். ஜல்மகாலைச் சாலையிலிருந்து பார்த்தோம். அரண்மனையும் ஜந்தர் மந்தரும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன. ஹவா மகாலின் முன்னால் படம் எடுக்க ஐந்து நிமிடம். ஜோஹரி பஜாரைக் கார்க் கண்ணாடி வழியாகக் காட்டி, "கூட்டம் அதிகம், விலையும் அதிகம், சரக்கு கலப்படம்" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டார். அங்கிருந்து மதிலுக்கு வெளியே ஒரு பெரிய ஷோரூமுக்குக் கூட்டிப் போனார். அங்கு ஒன்றரை மணி நேரம் போயிற்று. டீ வந்தது, அச்சடிக்கும் செய்முறை காட்டினார்கள், ரஜாய் விரித்தார்கள், கல் வைத்த மோதிரம் காட்டினார்கள். கைடு வாசலில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார்.

எங்கள் ஜவுளி நண்பர் அங்கே ரஜாயைக் கையில் எடுத்து, துணியையும் பஞ்சையும் தடவிப் பார்த்து, விலையை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டார். 2,800 ரூபாய். மாலையில் கைடை அனுப்பிவிட்டு நாங்களாகவே கடைவீதிக்கு நடந்து போய் அதே தரத்தை விசாரித்தோம். முதல் கடையில் 1,750, இரண்டாவது கடையில் பேரம் பேசாமலே 1,700. காலையில் கேட்ட "விலை அதிகம்" எந்தக் கடைக்குப் பொருந்தும் என்பது விளங்கிற்று.

தரகு வேறு, மறைந்த தரகு வேறு

தரகு வாங்குவதே தப்பு என்று நாம் சொல்லவில்லை. தரகர் இல்லாமல் எந்த மண்டியும் நடக்காது. உஞ்சாவில் எங்களுக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்தவருக்கும் கமிஷன் உண்டு. ஆனால் அது பில்லில் எழுதப்பட்டிருக்கிறது. விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். தெரிந்து கொடுப்பது கூலி. ஒருவரிடம் கூலி வாங்கிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் எதிர்த்தரப்பிலும் வாங்குவதற்கு மண்டியில் என்ன பெயர் என்று வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மறைந்த கமிஷன் யார் பையிலிருந்து போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் ரூபாய் சரக்கில் முந்நூறு கைடுக்கும் டிரைவருக்கும் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒன்று விலையை ஏற்றுவார், அல்லது தரத்தை இறக்குவார். மூன்றாவது வழி கிடையாது. ஏமாந்தவர் ஊருக்குப் போய் அந்த ஒரு கடையை மட்டுமா குறை சொல்வார்? "அந்த ஊர் வியாபாரிகளே அப்படித்தான்" என்பார். கமிஷன் கொடுக்காத நாணயமான கடைக்காரருக்கு வியாபாரமும் போயிற்று, பெயரும் போயிற்று. தலைமுறை தலைமுறையாக மதிலுக்குள் கடை நடத்தியவருக்கு வாடிக்கை, கார்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது.

கைடின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவருக்கு வேலை வருடம் முழுதும் இல்லை. ராஜஸ்தானத்தில் குளிர்காலம் சில மாதங்கள் ஓட்டம். வெயில் காலத்தில் ஈ ஓட்ட வேண்டும். நாம் ஏஜெண்டிடம் கட்டும் தொகை முழுதும் அவர் கைக்குப் போவதில்லை. "கைடுக்கு எதற்கு இவ்வளவு?" என்று பயணி பேரம் பேசிக் குறைக்கும் நூறு ரூபாயை, அவர் வேறு வழியில் ஆயிரமாக எடுத்துக்கொள்கிறார். ஆகவே குற்றத்தில் பயணிக்கும் பங்கு உண்டு. கூலியைக் குறைத்துவிட்டு நாணயத்தை எதிர்பார்ப்பது, எடைக்கூலி கொடுக்காமல் சரியான எடை கேட்பது போலத்தான்.

கடைக்காரர்களும் ஒரு சமாதானம் சொல்வார்கள்: "நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் கொடுப்பான்." உண்மைதான். தனிக்கடை ஒன்று இதை எதிர்த்து நிற்க முடியாது. அதற்காகத்தானே சங்கம்? அகமதாபாத் மகாஜன்கள் ஒரு நாள் கடையடைப்பு என்றால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு சட்டத்தால் வந்ததல்ல. தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. ராஜஸ்தான அரசு சுற்றுலாத் தொழிலை ஒழுங்குபடுத்த 2010இலேயே சட்டம் கொண்டுவந்தது. பயணிகளை வற்புறுத்தி இழுப்பது அதன்படி குற்றம். ஆனால் கடைக்குள் நாலு பேருக்குத் தெரியாமல் கைமாறும் கமிஷனைச் சட்டம் எங்கே போய்ப் பிடிக்கும்? கடைக்காரர்கள் ஒன்றுகூடி நிறுத்தினால்தான் நிற்கும்.

செய்ய வேண்டியவை

பயணிகளாகப் போகும்போது நாம் செய்யக்கூடியவை:

1. அரசு அங்கீகாரம் பெற்ற கைடுதானா என்று அடையாள அட்டையைப் பார்த்து அமர்த்த வேண்டும்.

2. கூலியை முன்கூட்டியே பேசி, குறைக்காமல் கொடுக்க வேண்டும். "எந்தக் கடைக்கும் கூட்டிப் போக வேண்டாம், அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கூலி" என்று காலையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

3. அரை நாளாவது காரை விட்டு இறங்கி மதிலுக்குள் நடக்க வேண்டும். அகமதாபாத்தில் மாநகராட்சியே 1997இல் காலை நேர நடைச்சுற்றுலாவைத் தொடங்கி வழிகாட்டியது.

4. வாங்குவதைக் கைடு போன பிறகு வாங்க வேண்டும். பில் கேட்டு வாங்க வேண்டும். ரத்தினக் கல் தெரியாதவர் அதைத் தொடாமல் இருப்பதே லாபம்.

கடைக்காரர்களாக நாம் செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். வெளியூர் ஆட்கள் வரும் ஊர் நம் பக்கம் குறைவா? மதுரையிலும் காஞ்சிபுரத்திலும் மாமல்லபுரத்திலும் வண்டி நின்றவுடன் கையைப் பிடித்து இழுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. அந்தந்த ஊர்ச் சங்கங்கள் உறுப்பினர்களைக் கூட்டி, கைடுக்கும் டிரைவருக்கும் மறைவாகக் கமிஷன் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட வேண்டும். அப்படிக் கையெழுத்திட்ட கடைகளுக்கு ஒரே மாதிரி ஒரு பலகை கொடுக்கலாம். விலையைச் சரக்கின் மேல் எழுதி ஒட்டலாம். கைடுகளை விரோதிகளாக நினைக்காமல், வருடத்துக்கு ஒருமுறை அவர்களை அழைத்து நம் கடைவீதியின் கதையைச் சொல்லிக் கொடுக்கலாம். எந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர், எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது, எந்தத் தர்மத்தை எந்த வணிகர் மகமை நடத்தியது என்பது தெரிந்தால், அவரும் பயணியைக் கடைவீதிக்குள் தைரியமாக நடத்தி வருவார். அகமதாபாத் பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் அவருக்கு ஷோரூம் தேவைப்படவில்லை.

ராஜாக்கள் கட்டிய மதிலைப் பராமரிக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. கடைவீதியின் நாணயத்தைப் பராமரிக்க நம்மைத் தவிர வேறு துறை கிடையாது. வரும் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேச வேண்டும் என்று சங்க நிர்வாகிகளை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.