பால் வாளிக்குள் ஒரு கணக்கு



சென்ற மாதம் தங்காக்கில் என் வீட்டைத் தேடிப் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்தவள். இப்போது ஆறாம் படிவத்தில் இயற்பியல் படிக்கிறாள். கையில் சோதனைத் தாள், கண்ணில் நீர். "இந்தப் பாடம் எனக்கு வராது சார். விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். கூட வந்த தாயார், பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், "நமக்கு எதுக்கு சார் இந்தப் பெரிய படிப்பெல்லாம்?" என்றார்.

தாளைப் பார்த்தேன். ஹைட்ரஜன் அணுவின் நடுவிலுள்ள புரோட்டானும் வெளியிலுள்ள எலெக்ட்ரானும் எவ்வளவு விசையோடு ஒன்றையொன்று இழுக்கின்றன? இதுதான் கேள்வி.

நான் மகளை விட்டுவிட்டுத் தாயாரைக் கேட்டேன்: "ஏம்மா, பால் எப்போது உறையும்?"

"ஆசிட் ஊத்தினா உறையும் சார். அமோனியா விட்டா உறையாது" என்று பட்டென்று சொன்னார்.

வாசகர்களே, அந்தப் பதிலில் பாதிப் பாடம் இருக்கிறது! பாலில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் ஒவ்வொன்றின் மேலும் எதிர் மின்னூட்டம் உண்டு. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் துகள்கள் ஒட்டாமல் பால் நீராகவே நிற்கிறது. பார்மிக் ஆசிட் ஊற்றினால் அதிலிருந்து நேர் மின்னூட்டம் கொண்ட ஹைட்ரஜன் அயனிகள் வருகின்றன. அவை துகள்களின் எதிர் மின்னூட்டத்தைச் சரிக்கட்டிவிடுகின்றன. தள்ளும் விசை போனதும் துகள்கள் மோதி ஒட்டிக் கட்டியாகின்றன. ஹைட்ரஜன் அயனி என்பது வேறொன்றுமில்லை, எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணு. அதாவது, சோதனைத் தாளில் வந்த அதே புரோட்டான்தான்!

ஒரே வகை தள்ளும்; வேறு வகை இழுக்கும். எவ்வளவு என்பதை 1785-இல் பிரான்சு நாட்டுக் கூலோம் என்பவர் அளந்து சொன்னார். இரண்டு மின்னூட்டங்களையும் பெருக்கு; இடையிலுள்ள தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி, அதனால் வகு; பிறகு 9 × 10⁹ என்ற மாறாத எண்ணால் பெருக்கு. அவ்வளவுதான். தூரம் 2 மடங்கானால் விசை பாதியாகாது, 4-இல் 1 பங்காகிவிடும்.

இனி அணுவுக்கு வருவோம். புரோட்டான், எலெக்ட்ரான் ஒவ்வொன்றின் மின்னூட்ட அளவும் 1.6 × 10⁻¹⁹ கூலோம். இரண்டையும் பெருக்கினால் 2.56 × 10⁻³⁸. அதை 9 × 10⁹ ஆல் பெருக்கினால் 2.3 × 10⁻²⁸. இடைத்தூரம் 5.3 × 10⁻¹¹ மீட்டர். அதன் வர்க்கம் 2.8 × 10⁻²¹. வகுத்தால் விடை 8.2 × 10⁻⁸ நியூட்டன்.

இது மிகச் சிறிய எண்போலத் தெரியும். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு எலெக்ட்ரானின் சொந்த எடையைப்போல் இது கோடி கோடி மடங்குக்கும் மேல்! அந்த இழுப்பினால்தான் அணு சிதறாமல் நிற்கிறது.

அந்தப் பெண்ணின் விடை 4.3 × 10⁻¹⁸. மின்னூட்டம் சரி, பெருக்கல் சரி. தூரத்தை வர்க்கமாக்க மட்டும் மறந்துவிட்டாள். அந்த ஒரு மறதியால் விடை ஏறத்தாழ 1,900 கோடி மடங்கு குறைந்துவிட்டது. தவறு ஒரு படிதான். அதற்காகப் படிப்பையே விடுவதா?

மகள் அந்த வரியை அடித்துவிட்டு அங்கேயே மீண்டும் போட்டாள். விடை வந்தது. தாயார் எட்டிப் பார்த்து, "பால் உறையறதும் இந்தக் கணக்குதானா சார்?" என்று கேட்டார். "விசை அதேதாம்மா" என்றேன்.

பெற்றோர்களே, நம் பக்கத்தில் பல ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாகிவிட்டன. ஆனாலும் நீங்கள் கைப்பட அறிந்த தொழிலறிவு வீணல்ல. அறிவியல் நமக்கு அந்நியம் என்று பிள்ளையின் காதில் விழச் சொல்லாதீர்கள். மதிப்பெண் குறைந்தால், "எந்தப் படியில் தவறினாய்?" என்று முதலில் கேளுங்கள்.

இன்றிரவு பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போடுங்கள்: தூரம் 3 மடங்கானால் விசை எத்தனையில் ஒரு பங்காகும்? 9 என்று சொன்னால் தட்டிக்கொடுங்கள். 3 என்று சொன்னால் திட்டாமல் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுங்கள்.