பறவை யாருடையது? பெயர் யாருடையது?

வான்கோழியை நாமறிவோம். அதற்கு உலகம் சூட்டியுள்ள பெயர்களை அடுக்கிப் பாருங்கள். ஒரு நாடகமே நடக்கிறது!

ஆங்கிலேயர் அதை 'டர்க்கி' என்கின்றனர், துருக்கியப் பறவையாம்! துருக்கியரைக் கேட்டாலோ, 'ஹிந்தி' என்பர், இந்தியப் பறவையாம்! பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரும் இந்தியாவையே சுட்டுகிறது. போர்த்துகீசியருக்கு அது 'பெரு'. டச்சுக்காரரோ, 'கல்கூன்' என்று கள்ளிக்கோட்டையின் பெயரையே அதற்கு ஒட்டினர். மலாய் மொழியில் அதன் பெயர் 'ஆயாம் பெலாண்டா'. அதாவது, டச்சுக்காரக் கோழி!

சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்தபின் சிந்திப்போம். இத்தனை பெயர்களில் ஒன்றேனும் அதன் தாயகத்தைச் சொல்கிறதா? இல்லை!

அந்தப் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பழக்கி வளர்த்தனர். நாவாட்டில் மொழியில் 'வெஷோலோட்ல்' என்று அழைத்தனர். 1521-இல் அவர்தம் தலைநகர் டெனோச்டிட்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. பறவை கப்பலேறி ஐரோப்பா சென்றது. பெயர் கரையிலேயே நின்றுவிட்டது!

வந்த இடத்தில் என்ன நடந்தது? 1492-இல் கொலம்பசு தான் கண்ட நிலத்தை இந்தியா என்றெண்ணினான். அந்தப் பிழை பறவையின் பெயரிலும் குடியேறியது. ஆப்பிரிக்கக் கினிக்கோழி துருக்கியர் நாட்டு வணிகத்தின் வழியே வந்ததால், இங்கிலாந்தில் அதைத்தான் முதலில் 'டர்க்கி' என்றனர். பிறகு வந்த அமெரிக்கப் பறவையின் தலையிலும் அதே பெயர் ஏறியது. வளர்த்தவர் யாரென்று எவரும் கேட்கவில்லை. விற்றவர் யாரென்றே பார்த்தனர்!

2022-இல் துருக்கி அரசு, தன் நாட்டை இனித் 'துர்க்கியே' என்றே குறிக்க வேண்டுமென ஐக்கிய நாடுகள் அவைக்கு எழுதியது, அவை ஏற்றது. சரியே! தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால், அரசில்லாத மக்கள் எந்த அவைக்கு எழுதுவர்?

அவர்கள் எழுதவில்லை, பேசினர்! நாவாட்டில் மொழியை இன்றும் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். வென்றவர் மொழியான ஸ்பானியமே மெக்சிகோவில் அவர்களிடம் கடன் வாங்கி, அப்பறவையைக் 'குவாஹோலோட்டே' என்கிறது. சந்தையிலும் சமையற்கட்டிலும் அச்சொல் வாழ்கிறது.

கோட்டை வீழ்ந்தது, கொற்றம் சாய்ந்தது, சொல் சாயவில்லை! பேசும் வாய் உள்ளவரை பெயருக்கு அழிவில்லை. எனவே, ஒரு பொருளின் பெயரைக் கேட்டதும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதை வைத்தவர் வளர்த்தவரா, விற்றவரா?